பகிர்வு நூலகங்களும் முதன்மை நிரலும்: சி மொழியில் இணைப்புமுறை – சிவகாசித் தொழிற்சொற்களின் அகரவரிசையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வில் சொல்லடைவு, அகராதி, தரவகம் ஆகியவற்றை உருவாக்கக் கணினி நிரல்கள் பெரிதும் பயன்படுகின்றன. தமிழுக்குரிய அகரவரிசை விதி ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தனித்தனியே எழுதப்படும்போது நிரல்தோறும் முடிவு வேறுபடுகிறது. அவ்விதியை ஒரே இடத்தில் வைத்துப் பல நிரல்கள் பயன்கொள்ள வழிசெய்வது சி மொழியின் பகிர்வு நூலகம் ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரத் தொழிற்சொற்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பகிர்வு நூலகம் முதன்மை நிரலோடு இணையும் முறையையும், அவ்விணைப்பைத் தமிழ்ப் புணர்ச்சி இலக்கணத்தோடு ஒப்பிடத்தக்க எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பகிர்வு நூலகம், முதன்மை நிரல், இணைப்பி, ஏற்றி, அகரவரிசை, புணர்ச்சி, ஒருங்குறி, சிவகாசி.

1. முன்னுரை

சிவகாசியின் தொழில் வரலாறு தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1922ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் தேவைப்பட்டது. அத்தேவை அச்சுத்தொழிலை வளர்த்தது. தீப்பெட்டியோடு பட்டாசும் அச்சும் சேர்ந்து இவ்வட்டாரத்திற்கென ஒரு தொழில்மொழியை உருவாக்கின. அட்டை, அடைப்பு, கந்தகம், கரி, கலவை, சரவெடி, திரி, பட்டாசு, படம், மத்தாப்பு, மருந்து, வெடியுப்பு முதலிய சொற்கள் அம்மொழியில் வழங்குகின்றன. இவற்றுள் மருந்து, படம், திரி போன்றவை பொதுவழக்கில் ஒரு பொருளும் தொழில்வழக்கில் குறிப்பான வேறு பொருளும் தருவன. வட்டாரத் தொழிற்சொல்லகராதி ஒன்றிற்கு இவை உரிய தரவுகளாகும்.

இத்தகைய சொற்களை ஓர் ஆய்வாளர் தொகுத்துக் கணினியில் இட்டு, சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நிரலால் வரிசைப்படுத்துவதாகக் கொள்வோம். நிரல் பிழையின்றி ஓடுகிறது. ஆனால் 'பட்டாசு' என்னும் சொல் 'படம்' என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. 'அட்டை'க்கு முன்னால் 'அடைப்பு' வந்துவிடுகிறது. 'கலவை'க்கு முன்னால் 'கறுப்பு' அமைகிறது. மூன்றும் தமிழ் அகராதி மரபுக்கு மாறானவை. ஆய்வாளர் அந்நிரலுக்குள் ஒரு திருத்தம் எழுதிச் சரிசெய்கிறார். அடுத்த ஆண்டு சொல்லடைவுக்கென வேறொரு நிரல் எழுதப்படும்போது அதே பிழை மீண்டும் எழுகிறது. மற்றொரு பல்கலைக்கழகத்தில் இன்னொருவர் அதே திருத்தத்தைச் சற்று வேறுபட எழுதுகிறார். இரு தொகுப்புகளையும் ஒன்றாக்கும்போது வரிசை குலைகிறது.

இவ்விடத்தில் எழும் வினா நிரலாக்க வினா மட்டுமன்று. இலக்கண விதி எங்கே குடியிருக்க வேண்டும் என்பதும் ஆகும். அதற்கு விடைகாண நூலகம், இணைப்பு ஆகிய இரண்டு கருத்துகளையும் அறிதல் வேண்டும்.

2. அகரவரிசை மரபும் குறியீட்டெண் வரிசையும்

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் அடுக்கமைப்பைப் பின்பற்றி இவ்விடங்கள் நிரப்பப்பட்டமையால், மெய்களின் வரிசை தமிழ் நெடுங்கணக்கிலிருந்து வேறுபடுகிறது. நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் னகரம் ஒருங்குறியில் நகரத்தை அடுத்து 2985ஆம் எண்ணில் உள்ளது. றகரம் 2993, லகரம் 2994, ளகரம் 2995, ழகரம் 2996, வகரம் 2997 என அமைகின்றன. 'ல, வ, ழ, ள, ற, ன' என்னும் மரபுவரிசை இங்கு இல்லை. 'கறுப்பு' 'கலவை'யை முந்துவது இதனாலேயே.

இரண்டாவது வேறுபாடு புள்ளியைப் பற்றியது. தமிழ் மரபில் மெய் முதலிலும் அகரமேறிய உயிர்மெய் அடுத்தும் வரும். எனவே 'பட்' என்பது 'பட' என்பதற்கு முன் நிற்க வேண்டும். ஒருங்குறியில் டகரம் அகரமேறிய நிலையிலேயே 2975ஆம் எண்ணில் உள்ளது. புள்ளி அதன்பின் 3021ஆம் எண்ணாகச் சேர்க்கப்படுகிறது. 'பட்டாசு', 'படம்' ஆகிய இரண்டிலும் முதல் இரண்டு குறியீடுகள் ஒன்றே. மூன்றாவதாக ஒன்றில் புள்ளியும் (3021) மற்றொன்றில் மகரமும் (2990) வருகின்றன. சிறிய எண் முந்துவதால் 'படம்' முதலில் வருகிறது. 'அடைப்பு' முந்துவதும் இவ்வாறே: ஐகாரக் குறி 3016, புள்ளி 3021.

சி மொழியின் தரநூலகத்திலுள்ள ஸ்ட்ர்கம்ப் என்னும் செயற்கூறு இரு சொற்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிடுகிறது. எழுத்து என்னும் இலக்கண அலகை அது அறியாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது. 'பட்டாசு' என்பதில் ப, ட், டா, சு என நான்கு எழுத்துகள் உள்ளன, குறியீடுகள் ஏழு, பைட்டுகள் இருபத்தொன்று. தொல்காப்பியரும் நன்னூலாரும் நான்கு எனக் கொள்ளும் இடத்தில் சி மொழியின் நீளம் காணும் செயற்கூறு 21 என விடை தருகிறது.

ஆகவே தமிழ்ச் சொற்களை ஒப்பிடுவதற்குத் தனியே ஒரு செயற்கூறு வேண்டும். அது முதலில் குறியீடுகளை எழுத்துகளாகத் தொகுக்க வேண்டும். பின் ஒவ்வோர் எழுத்திற்கும் நெடுங்கணக்கு இடத்தைக் காண வேண்டும். ஆய்தத்திற்கும் கிரந்த எழுத்துகளுக்கும் இடம் வகுக்க வேண்டும். 'புஸ்வாணம்' என்னும் பட்டாசுப் பெயரிலுள்ள ஸகரத்தைச் சகரத்தை ஒட்டி வைப்பதா, னகரத்திற்குப் பின் வைப்பதா என்பது அகராதியாசிரியர் முடிவு செய்ய வேண்டியது. ஐசியூ போன்ற பன்மொழி நூலகங்கள் இத்தகைய வரிசை அட்டவணைகளை ஏற்கெனவே கொண்டுள்ளன. எனினும் ஓர் அகராதித் திட்டம் தன் தனி முடிவுகளைத் தானே வரையறுக்க வேண்டிய சூழல்கள் உண்டு. அம்முடிவுகள் எழுதப்படும் இடமே இங்கு 'அகரவரிசை நூலகம்' எனக் குறிக்கப்படுகிறது.

3. நிரல் உருவாகும் படிநிலைகள்

சி மொழியில் ஒரு நிரல் பல கோப்புகளாக எழுதப்படலாம். நம் எடுத்துக்காட்டில் மூன்று கோப்புகள் உள்ளன. முதலாவது முதன்மை நிரல். மெயின் என்னும் செயற்கூற்றைக் கொண்டிருப்பதால் இயக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. சொற்பட்டியலைப் படிப்பதும் வரிசைப்பட்ட பட்டியலை எழுதுவதும் அதன் வேலை. இரண்டாவது ஒப்பீட்டுக் கோப்பு; தமிழ்ச் சொற்களை ஒப்பிடும் செயற்கூற்றின் உடல் இதில் உள்ளது. மூன்றாவது தலைப்புக் கோப்பு. அச்செயற்கூற்றின் பெயர், அது ஏற்கும் உள்ளீடுகள், திருப்பித் தரும் விடையின் வகை ஆகியவற்றை மட்டும் அறிவிக்கிறது.

நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பொறிமொழிக்கு மாற்றுகிறது. முதன்மை நிரலைப் பெயர்க்கும்போது, ஒப்பிடும் செயற்கூறு எங்கே உள்ளது என்பது அதற்குத் தெரியாது. தலைப்புக் கோப்பின் அறிவிப்பை நம்பி, அழைக்க வேண்டிய இடத்தில் முகவரிக்கென வெற்றிடம் விட்டுச் செல்கிறது. இவ்வாறு உருவாகும் இடைநிலைக் கோப்பில் ஒரு பெயர் அட்டவணை இருக்கும். தான் வரையறுத்த பெயர்கள் ஒருபுறமும், தான் வேண்டிநிற்கும் பெயர்கள் மற்றொருபுறமும் அதில் குறிக்கப்படும். வேண்டிநிற்கும் பெயரை வரையறுத்த பெயரோடு பொருத்தி வெற்றிடத்தை நிரப்பும் செயலே இணைப்பு. அதனைச் செய்யும் கருவி இணைப்பி.

4. நிலை இணைப்பும் இயங்கு இணைப்பும்

இணைப்பு இருவகைப்படும். நிலை இணைப்பில், நூலகத்திலிருந்து வேண்டிய செயற்கூறுகளின் உடல் முழுவதும் முதன்மை நிரலின் இறுதிக் கோப்புக்குள் படியெடுக்கப்படுகிறது. அதன்பின் நூலகக் கோப்பு தேவையில்லை. அகராதி நிரல், சொல்லடைவு நிரல், தரவக நிரல் என மூன்று இருப்பின் மூன்றிலும் மூன்று படிகள் இருக்கும்.

இயங்கு இணைப்பில் உடல் படியெடுக்கப்படுவதில்லை. எந்த நூலகம் வேண்டும் என்னும் பெயர்க்குறிப்பு மட்டும் இறுதிக் கோப்பில் பதியப்படுகிறது. நிரல் இயங்கத் தொடங்கும் நேரத்தில் ஏற்றி என்னும் மற்றொரு கருவி அக்குறிப்பைப் படித்து, நூலகத்தைத் தேடி, நினைவகத்தில் ஏற்றி, முகவரிகளைப் பொருத்துகிறது. இவ்வாறு பயன்படும் நூலகமே பகிர்வு நூலகம். பல நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்கினாலும் நூலகத்தின் பொறிமொழிப் பகுதி நினைவகத்தில் ஒருமுறையே இருக்கும். மாறும் தரவுகள் மட்டும் நிரலுக்கு நிரல் தனியே வைக்கப்படும்.

இக்கருத்து 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தது. யூனிக்ஸ் மரபில் 1988இல் வெளிவந்த சன்ஓஎஸ் 4.0 இதனை நிலைநிறுத்தியது. லினக்ஸ் இன்று பின்பற்றும் எல்ஃப் என்னும் கோப்பமைப்பு யூனிக்ஸ் சிஸ்டம் வி நான்காம் வெளியீட்டின் வழி வந்தது. விண்டோசில் டிஎல்எல் எனப்படுவதும் இவ்வகையினதே.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மாற்றம் வேண்டப்படும்போது வெளிப்படும். சிவகாசி அறிந்த நிகழ்வொன்று இதனை விளக்கும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. விதி ஒன்றே, ஆயினும் மருந்துக் கலவை ஒவ்வோர் ஆலைக்குள்ளும் இருப்பதால், ஒவ்வோர் ஆலையும் தன் கலவை அறையில் தனித்தனியே மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. நிலை இணைப்பின் இயல்பு இத்தகையது: விதி மாறினால் படி வைத்திருக்கும் நிரல் ஒவ்வொன்றும் மீண்டும் உருவாக்கப்பட வேண்டும். பல தீப்பெட்டி ஆலைகளுக்கு ஒரே அச்சகம் ஒட்டுப்படம் அச்சிட்டுத் தரும் ஏற்பாடு இதற்கு மாறானது. அச்சகத்தில் வண்ணத்தைத் திருத்தினால் அடுத்த சுமை முதல் எல்லா ஆலைகளுக்கும் திருத்தம் சென்றுசேரும். அச்சகம் தவறினால் தவறும் எல்லாருக்கும் சென்றுசேரும். பகிர்வு நூலகத்தின் பயனும் இடரும் இவ்விரண்டுமே.

5. புணர்ச்சி இலக்கணத்தோடு ஒப்பீடு

இணைப்பைத் தமிழாய்வாளர்க்கு விளக்கப் புணர்ச்சி இலக்கணம் நல்ல அடிப்படையாகிறது. புணர்ச்சியில் நிலைமொழி, வருமொழி என இரண்டு உண்டு. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும் இடத்திலேயே விதி செயற்படுகிறது. சொற்களின் உள்ளிடம் பெரும்பாலும் தீண்டப்படுவதில்லை. இணைப்பிலும் முதன்மை நிரல் நிலைமொழியாகவும் நூலகம் வருமொழியாகவும் நிற்கின்றன. பெயர் அட்டவணைகள் சந்திக்கும் எல்லையிலேயே இணைப்பி செயற்படுகிறது.

'வாழை', 'பழம்' ஆகியவை புணர்ந்து 'வாழைப்பழம்' ஆகும்போது தோன்றும் பகர ஒற்று நிலைமொழிக்கும் உரியதன்று, வருமொழிக்கும் உரியதன்று, சந்திப்புக்கு உரியது. இயங்கு இணைப்பிலும் இத்தகைய ஓர் உறுப்பு உண்டு. முதன்மை நிரலை எழுதியவரும் நூலகத்தை எழுதியவரும் எழுதாத முகவரி அட்டவணை ஒன்றை இணைப்பி தானே தோற்றுவிக்கிறது. முதன்மை நிரல் நூலகச் செயற்கூற்றை நேரே அழைப்பதில்லை; அவ்வட்டவணையில் குறித்த முகவரியின் வழியாகவே அழைக்கிறது. நூலகம் நினைவகத்தில் எங்கு ஏற்றப்பட்டாலும் அட்டவணையை மட்டும் நிரப்பினால் போதும். பல வேளைகளில் ஒரு செயற்கூறு முதன்முறை அழைக்கப்படும்போதுதான் அதன் முகவரி தேடி நிரப்பப்படுகிறது. இது தாழ்த்திய இணைப்பு எனப்படும்.

நிலை இணைப்பையும் இயங்கு இணைப்பையும் சுவடி மரபோடும் ஒப்பிடலாம். ஓலைச்சுவடியில் சொற்கள் இடைவெளியின்றிப் புணர்ந்த வடிவிலேயே எழுதப்பட்டுள்ளன. சேர்க்கை எழுதும்போதே முடிந்துவிடுகிறது. பதம் பிரித்த இன்றைய பதிப்பில் சொற்கள் தனித்து நிற்கின்றன. உரக்கப் படிப்பவர் நாவில் சந்தி நிகழ்கிறது. முன்னது நிலை இணைப்பையும் பின்னது இயங்கு இணைப்பையும் ஒத்தது.

இவ்வொப்புமைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, திரிதலும் கெடுதலும் நூலகத்தில் நிகழா. 'பொன்' என்பது 'குடம்' என்பதோடு புணரும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. 'மரம்' 'வேர்' என்பதோடு புணரும்போது மகரம் கெடுகிறது. பகிர்வு நூலகத்தின் பொறிமொழியோ மாறாமல் இருத்தல் வேண்டும்; பல நிரல்கள் ஒரே படியைப் பகிர்வதால் ஒன்றன் பொருட்டு அதனைத் திருத்த இயலாது. நூலகக் கோப்பை இடம்சாராப் பொறிமொழியாகப் பெயர்க்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. இரண்டாவது, புணர்ச்சி பொருள் நோக்கி அல்வழி, வேற்றுமை எனப் பகுக்கப்படுகிறது. இணைப்பி பொருளை அறியாது. பெயரின் பைட்டுகள் ஒத்தால் இணைக்கும். ஓர் இம்மி மாறினும் இணைக்காது.

6. முதன்மை நிரலோடு இணைக்கும் முறை

லினக்ஸ் இயங்குதளத்தில் ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பியைக் கொண்டு இணைக்கும் வழி நான்கு படிகளில் அமைகிறது.

முதற்படியில் ஒப்பீட்டுக் கோப்பு இடம்சாராப் பொறிமொழியாகப் பெயர்க்கப்படுகிறது. இதற்கென 'எஃப்-பிக்' என்னும் விருப்பச் சொல் கட்டளையில் சேர்க்கப்படும்.

இரண்டாம் படியில் 'ஷேர்டு' என்னும் விருப்பச் சொல்லோடு பகிர்வு நூலகம் ஆக்கப்படுகிறது. நூலகத்தின் கோப்புப் பெயர் 'லிப்' என்னும் முன்னொட்டோடும் 'எஸ்ஓ' என்னும் பின்னொட்டோடும் அமைதல் மரபு. இப்படியிலேயே நூலகத்திற்குப் பதிப்பெண்ணோடு கூடிய உள்பெயர் ஒன்றையும் இடலாம்.

மூன்றாம் படியில் முதன்மை நிரல் நூலகத்தோடு இணைக்கப்படுகிறது. பெரிய 'எல்' விருப்பம் நூலகம் உள்ள அடைவைக் காட்டும். சிறிய 'எல்' விருப்பம் முன்னொட்டும் பின்னொட்டும் நீங்கிய நூலகப் பெயரைத் தரும். கட்டளையில் முதன்மை நிரல் முன்னும் நூலகம் பின்னும் வர வேண்டும். இணைப்பி இடமிருந்து வலமாகச் செல்வதால், தேவை முதலில் எழுந்தால்தான் அதனை நிறைவிக்கும் நூலகம் கருத்தில் கொள்ளப்படும். நிலை நூலகங்களுக்கு இவ்வரிசை இன்றியமையாதது; உபுண்டு போன்ற வழங்கல்களில் பகிர்வு நூலகங்களுக்கும் இது பொருந்தும். நிலைமொழியை அடுத்தே வருமொழி என்னும் முறை இங்கும் நிற்கிறது.

நான்காம் படி இயக்கம். ஏற்றி நூலகத்தைக் கண்டு, முகவரிகளைப் பொருத்தியபின் மெயின் செயற்கூறு தொடங்குகிறது.

இவ்வெடுத்துக்காட்டில் மற்றோர் இணைப்பும் மறைந்துள்ளது. சொற்களை வரிசைப்படுத்துவதற்கு முதன்மை நிரல் சி தரநூலகத்தின் கியூசார்ட் என்னும் செயற்கூற்றை அழைக்கிறது. அத்தரநூலகமும் ஒரு பகிர்வு நூலகமே. எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பது கியூசார்ட்டுக்குத் தெரியும். எது முந்தும் என்பது தெரியாது. ஆதலின் ஒப்பிடும் செயற்கூற்றின் முகவரியை முதன்மை நிரல் அதனிடம் ஒப்படைக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு நூலகங்கள் முதன்மை நிரலின் வழியே கூடிச் செயற்படுகின்றன. வரிசையாக்கம் பொதுமையானது, அகரவரிசை தமிழுக்குரியது. இரண்டும் தனித்தனி இடங்களில் இருப்பதால், தமிழ் விதியை அறிந்தவர் வரிசையாக்க நுட்பத்தைத் தொடாமலே தம் பகுதியைத் திருத்த முடியும்.

7. இணைப்புப் பிழைகளும் அவற்றின் காரணங்களும்

பிழைச்செய்தி எந்தக் கருவியிடமிருந்து வருகிறது என்பதை அறிந்தால் காரணம் எளிதில் விளங்கும். இங்கு நான்கு பிழைவகைகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதல்வகை, பெயர் வரையறுக்கப்படவில்லை என இணைப்பி கூறுவது. நூலகத்தின் பெயர் கட்டளையில் விடுபட்டிருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், தலைப்புக் கோப்பைச் சேர்த்துவிட்டு நூலகமும் சேர்ந்துவிட்டதெனக் கருதியிருக்கலாம். தலைப்புக் கோப்பு அறிவிப்பு மட்டுமே; அகராதியின் பொருளடக்கம் அகராதி ஆகாதவாறு அறிவிப்பு நூலகம் ஆகாது.

இரண்டாம் வகை, இணைப்பு வெற்றி பெற்றபின் இயக்கும் நேரத்தில் நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என ஏற்றி கூறுவது. பயில்வோரை மிகுதியும் மயக்குவது இதுவே. பெரிய 'எல்' விருப்பம் இணைப்பிக்கு மட்டும் வழிகாட்டியது. ஏற்றி அதனை அறியாது. இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. நூலகத்தை இயங்குதளத்தின் பொது நூலக அடைவில் வைத்து, எல்டிகான்ஃபிக் என்னும் கட்டளையால் ஏற்றியின் அட்டவணையைப் புதுப்பிக்கலாம். முதன்மை நிரலுக்குள்ளேயே தேடவேண்டிய அடைவைப் பதியலாம். சூழல் மாறி ஒன்றின் வழியே தற்காலிகமாக அடைவைக் காட்டலாம். ஆய்வுத்துறைக் கணினிகள் பலவற்றில் ஒரே நூலகம் பயன்படுவதாயின் முதல் தீர்வு ஏற்றது. நிரலையும் நூலகத்தையும் ஒரே உறையிலிட்டு வழங்குவதாயின் இரண்டாவது ஏற்றது. மூன்றாவது சோதனைக்கு மட்டும் உரியது. ஒரு நிரல் எந்த நூலகங்களை வேண்டுகிறது, அவை எங்கே கிடைக்கின்றன என்பதை எல்டிடி என்னும் கட்டளை பட்டியலிட்டுக் காட்டும்.

மூன்றாம் வகை, பெயர் மோதல். இரு பகிர்வு நூலகங்கள் ஒரே பெயரில் செயற்கூறுகளை வெளியிட்டால், தேடல் வரிசையில் முதலில் கிடைப்பதே பொதுவாக அனைவருக்கும் பயன்படும். எச்சரிக்கை எதுவும் வராது. பலபொருள் ஒருசொல்லுக்கு இடம்நோக்கிப் பொருள்கொள்ளும் ஆற்றல் ஏற்றிக்கு இல்லை. ஆதலின் 'ஒப்பிடு' போன்ற பொதுப்பெயரைத் தவிர்த்து, நூலகத்தின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட பெயர்களை ஆளுதல் வேண்டும்.

நான்காம் வகை தமிழுக்கே உரியது. 2020இல் வெளிவந்த ஜிசிசி 10ஆம் பதிப்பு முதல் செயற்கூறுகளுக்குத் தமிழ் எழுத்தில் நேரடியாகப் பெயரிட முடிகிறது. ஆனால் ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: 3018 என்னும் ஒரே குறியீடாகவும், எகரக் குறி 3014, கால் 3006 என்னும் இரு குறியீடுகளாகவும். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். இணைப்பிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். 'தொகு' என நூலகத்தில் ஒருவகையாகவும் முதன்மை நிரலில் மற்றொருவகையாகவும் தட்டச்சிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயரை வரையறுக்கப்படவில்லை என இணைப்பி மறுக்கும். இயல்பாக்கப்படாத பெயர்களைக் கண்டால் ஜிசிசி எச்சரிக்கை தருகிறது. அதனைப் புறக்கணித்தல் ஆகாது. தரவுகளுக்கும் இது பொருந்தும். அகரவரிசை நூலகம் ஒப்பிடுவதற்கு முன் இருவகை வடிவங்களையும் ஒன்றாக்க வேண்டும்; இல்லையேல் 'கொத்து' என்னும் ஒரே சொல் சொல்லடைவில் இரு தலைச்சொற்களாக நிற்கும்.

8. பதிப்பெண்ணும் பொறுப்பும்: ஹார்ஃப்பஸ் நூலகம்

தமிழ் விதியொன்று பகிர்வு நூலகத்தில் ஏற்கெனவே வாழ்ந்துவருவதற்கு ஹார்ஃப்பஸ் சான்றாகும். குறியீடுகளை எழுத்துருவின் வடிவங்களாக மாற்றி அடுக்கும் இந்நூலகம் சி++ மொழியில் எழுதப்பட்டது. எனினும் பிற நிரல்கள் அதனை அழைப்பது சி மொழி இடைமுகத்தின் வழியே. 'கெ' என்பதில் குறியீட்டு வரிசையில் ககரத்தின் பின் நிற்கும் கொம்பைத் திரையில் முன்னே கொண்டுவருவதும், 'கொ' என்பதில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பதும் அந்நூலகம் எழுத்துருவின் அட்டவணைகளோடு சேர்ந்து செய்யும் வேலை. தமிழில் ஆவணம் எழுதுவோர் பலர் அறியாமலே நாள்தோறும் அதனைப் பயன்கொள்கின்றனர்.

இருவகை இணைப்பையும் இந்நூலகத்தில் ஒருங்கே காணலாம். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் ஆகிய உலாவிகள் ஹார்ஃப்பஸின் படியொன்றைத் தம் மூலநிரலுக்குள்ளேயே வைத்துள்ளன. டெபியன் போன்ற வழங்கல்களிலுள்ள லிப்ரேஆபிஸ் இயங்குதளத்தின் பகிர்வு நூலகத்தோடு இணைகிறது. ஒரே கணினியில் ஒரே எழுத்துருவில் ஒரே தமிழ்த் தொடர் உலாவியில் ஒருவிதமாகவும் ஆவணத்தில் வேறுவிதமாகவும் தோன்றினால், ஆராய வேண்டிய இடங்களுள் ஒன்று இப்படிகளின் பதிப்பு வேறுபாடு. பனுவல் பிழையற்றதாக இருக்க, அதனைத் திருத்த முற்படுவது தரவைக் கெடுக்கும். சிவகாசியில் நாட்காட்டியோ நாட்குறிப்போ அச்சேறும் முன் இவ்வேறுபாட்டை உணராது பனுவலில் கைவைத்தால், கோப்பு அடுத்த கணினிக்குச் செல்லும்போது திருத்தமே பிழையாக வெளிப்படும்.

நூலகம் மாறும்போது பழைய நிரல்கள் முறியாதிருக்கப் பதிப்பெண் உதவுகிறது. செயற்கூற்றின் உள்ளுடல் மட்டும் திருத்தப்பட்டு, பெயரும் உள்ளீடும் விடையும் மாறாதிருந்தால் உள்பெயரின் எண் மாற வேண்டியதில்லை. பழைய நிரல்கள் மீண்டும் இணைக்கப்படாமலே புதிய திருத்தத்தைப் பெறும். இடைமுகம் மாறினால் எண்ணை உயர்த்த வேண்டும். அப்போது பழைய நூலகமும் புதிய நூலகமும் அருகருகே இருக்கலாம். ஹார்ஃப்பஸ் நூலகம் தன் உள்பெயரில் 0 என்னும் எண்ணை மாற்றாமல் பேணிவருகிறது. குனு சி நூலகம் 6 என்னும் எண்ணைப் பேணுகிறது. இவ்வெண்கள் நூலகத்தார் நிரலாசிரியர்க்கு அளிக்கும் வாக்குறுதிகள்.

அகரவரிசை நூலகத்திற்கு இவ்விதி கூடுதல் நுட்பத்தோடு பொருந்தும். கிரந்த எழுத்துகளின் இடத்தை மாற்றினால் செயற்கூற்றின் பெயரும் உள்ளீடும் மாறா. ஆனால் அகராதியின் வரிசை மாறும். இணைப்பி இதனை மாற்றமாக உணராது. பொறிக்கு ஒத்ததாயினும் புலமைக்கு ஒவ்வாத மாற்றம் இது. ஆதலின் வரிசைவிதி மாறும்போதும் எண்ணை உயர்த்துவதை அகராதித் திட்டங்கள் தமக்குரிய ஒழுங்காகக் கொள்ளுதல் தகும். வெளியிடப்படும் சொல்லடைவின் முன்னுரையில், எந்த நூலகத்தின் எப்பதிப்பால் வரிசைப்படுத்தப்பட்டது என்பதைப் பாடவேறுபாட்டுச் சுவடியைக் குறிப்பிடுவது போலக் குறிப்பிடுதலும் வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன தெளிவாகின்றன.

• ஒருங்குறியின் குறியீட்டெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையன்று. சி மொழியின் இயல்பான ஒப்பீடு தமிழ்ச் சொல்லடைவுக்குப் போதாது.

• அகரவரிசை விதியைப் பகிர்வு நூலகமாக அமைத்தால் அகராதி, சொல்லடைவு, தரவகம் ஆகிய நிரல்கள் அனைத்தும் ஒரே விதியின்கீழ் வரும். ஓரிடத்துத் திருத்தம் எல்லா இடத்தும் பயன்தரும். ஓரிடத்துப் பிழையும் எல்லா இடத்தும் பரவும்.

• நிலைமொழி, வருமொழி, தோன்றல் என்னும் புணர்ச்சிக் கருத்துகள் இயங்கு இணைப்பை விளக்கப் பயன்படும். திரிதலும் கெடுதலும் பொருந்தா.

• இணைப்பி, ஏற்றி என்னும் இரண்டின் வேலைகளை வேறுபடுத்தி அறிவது பிழை காண்பதற்கு அடிப்படை.

• தமிழ்ப் பெயர்களிலும் தரவுகளிலும் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இயல்பாக்குதல் இன்றியமையாதது.

'பட்டாசு' 'படம்' என்பதற்கு முன் நிற்க வேண்டும் என்பது தமிழ் மரபு தந்த விதி. அதனை எழுதிவைக்கும் இடத்தையும், அவ்விடத்திற்குப் பொறுப்பானவரையும் முடிவு செய்வது நிரலாளர்க்கு மட்டும் உரிய வேலையன்று. நூலகத்தின் உள்ளுடலை நிரலாளர் எழுதலாம். அது நிறைவேற்ற வேண்டிய விதியையும் அதன் பதிப்பு மாற்றங்களையும் வரையறுக்கும் கடமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு.